கடலூர்க்காரர்களுக்கு மழைக்காலக் குறிப்புகள்

ஐப்பசி பிறந்ததும் மாடியில் ஏறி மழைநீர்க் குழாயின் வாயைப் பாருங்கள். ஒரு கைப்பிடி வேப்பஞ்சருகு போதும், மாடி முழுக்கத் தண்ணீர் தேங்கிவிடும்.

நம் ஊரில் மழை நின்றுவிட்டது என்று நிம்மதியாகப் படுக்க முடியாது. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகுதான், 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. ஆற்றோரத்தில் இருப்பவர்கள் வானிலைச் செய்தியோடு அணைச் செய்தியையும் கேளுங்கள். ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ்களை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண்மேல் வைத்துவிடுங்கள்.

டெங்கு கொசு பெரும்பாலும் நல்ல தண்ணீரில் வளரும். குடத்தைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உள்பக்கம் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டைகள் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். வயிற்றுநோய் வராமல் இருக்க, குடிதண்ணீர் கொதி வந்தபின் இறக்கியதாக இருக்கட்டும்.

மின்கம்பி அறுந்து கிடந்தால் பக்கத்தில் போகாதீர்கள், யாரையும் போகவிடாதீர்கள்; உடனே மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். வெள்ள உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸுக்கு 108. பக்கத்து வீட்டில் முதியவர்கள் தனியாக இருந்தால், இந்த மூன்று எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி அவர்கள் வீட்டுச் சுவரில் ஒட்டிக் கொடுங்கள்.