வலிப்பு வந்தால் வாட்சைப் பாருங்க!

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். நாகலூர், செம்மநத்தம், மஞ்சக்குட்டை மாதிரி சேர்வராயன் மலைக் கிராமங்களில் நடுராத்திரி ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்தால், கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர நேரமாகும். ஆனால் பெரும்பாலான வலிப்புகள் ஐந்து நிமிடத்துக்குள் தானாகவே நின்றுவிடும். ஆக, வலிப்பைக் கண்ணால் பார்ப்பது டாக்டர் இல்லை, நீங்கள்தான்!

குழந்தை நரம்பியல் டாக்டரின் பக்கத்தில் உட்கார்ந்து பழகும் மருத்துவ மாணவருக்கு முதல் பாடமே இதுதான். மாணவர் ஸ்கேன் படத்தைத் தேடுவார். டாக்டரோ அம்மாவிடம் கேட்பார்:

"எத்தனை நிமிஷம் இழுத்துச்சும்மா? கண்ணு எந்தப் பக்கம் போச்சு? ரெண்டு கையும் வெட்டிச்சா, ஒரு பக்கம் மட்டுமா? அப்போ காய்ச்சல் இருந்துச்சா? எவ்வளவு நேரம் கழிச்சு உங்களை அடையாளம் தெரிஞ்சுது?"

அந்தப் பதில்களில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது.

காய்ச்சல் வலிப்பா?

6 மாதம் முதல் 5 வயது வரை, 100 குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரலாம். உடம்பு முழுக்க வெட்டி, 15 நிமிடத்துக்குள் நின்று, 24 மணி நேரத்தில் மறுபடி வராவிட்டால், அது பெரும்பாலும் சாதாரணக் காய்ச்சல் வலிப்பு. இதனால் மூளை கெடாது, படிப்பு வராமல் போகாது. பல குழந்தைகளுக்கு இ.இ.ஜி.யோ, தினசரி மாத்திரையோகூடத் தேவைப்படாது. அதை டாக்டர் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

என்ன செய்யணும்?

* முதலில் மணி பாருங்கள்.
* குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வடியட்டும்.
* அடுப்பு, கூரான சாமான்களை விலக்குங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள்.
* கையில் சாவி, இரும்பு கொடுக்க வேண்டாம். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர், மருந்து எதுவும் வேண்டாம். கை காலை அமுக்கிப் பிடிக்கவும் கூடாது.

எப்போது ஓடணும்?

முதல் தடவை வலிப்பா? உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஏற்கனவே வந்த குழந்தை என்றாலும், ஐந்து நிமிடம் தாண்டினால், மறுபடி மறுபடி வந்தால், உடம்பு நீலமானால், கழுத்து விறைத்தால், நின்ற பிறகும் தெளியாவிட்டால், தாமதிக்காதீர்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு

நீண்ட வலிப்பு வரும் குழந்தைக்கு மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரே இருக்கிறது. குழந்தையின் எடைக்குத் தக்க அளவை டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். அதனால், "எங்க ஊர்ல இருந்து இறங்க இவ்வளவு நேரமாகும் சார்" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ளலாமா, எப்போது அடிப்பது என்று கேட்டு, செய்து காட்டச் சொல்லுங்கள். காலாவதி தேதியையும் அவ்வப்போது பாருங்கள்.

இன்னொன்று. ஒருவர் குழந்தையைக் கவனிக்கும்போது, இன்னொருவர் செல்போனில் படம் பிடிக்கட்டும். ஒரு நிமிடப் படம், டாக்டருக்கு ஆயிரம் கேள்விக்குப் பதில்!