கார் பிசி கட்டுங்கள், இன்டர்வியூவில் ஜெயியுங்கள்

ஆட்டோமோட்டிவ் எலெக்ட்ரானிக்ஸ் வேலைக்கு வரும் ஃப்ரெஷர் ரெஸ்யூமேக்களில் என்ன இருக்கும்? பைத்தான், எம்பெடட் சி, ஒரு ஐஓடி ப்ராஜெக்ட், ஒரு லைன் ஃபாலோயர் ரோபோ, இரண்டு ஆன்லைன் சர்ட்டிஃபிகேட். உங்களுடையதிலும் அதுதான் இருக்கிறது, பக்கத்து சீட்டில் காத்திருப்பவருடையதிலும் அதுதான். பிறகு உங்களை ஏன் எடுக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பதிலாகக் காட்ட ஒரு ப்ராஜெக்ட் சொல்கிறேன். காருக்குள் ஒரு முழு கம்ப்யூட்டரை நீங்களே கட்டி, நீங்களே பொருத்துங்கள். பாட்டு கேட்கவும் மேப் பார்க்கவும் கடையில் விற்கும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவே தாராளமாகப் போதும். கார் பிசியின் லாபம் வேறு. பவர், சூடு, பூட் டைம், கேன் பஸ், வயரிங் என்று இந்தத் துறை சம்பளம் கொடுத்துத் தீர்க்கச் சொல்லும் அத்தனை தலைவலிகளும் இந்த ஒரு பெட்டிக்குள் வந்துவிடும். கோவையில் பாஷ், பிரிக்கால், சென்னையில் விஸ்டியான், மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் மஹிந்திரா ரிசர்ச் வேலி. இங்கெல்லாம் உட்கார ஆசைப்படுபவர் இவற்றைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஈசிஇ, ஈஇஇ மட்டுமல்ல, டிப்ளமோ முடித்தவர்களும் செய்யக்கூடிய வேலைதான் இது.

1. முதலில் ஒரு வரி எழுதுங்கள்

இந்த கம்ப்யூட்டர் என்ன செய்யப்போகிறது? ‘எல்லாம் செய்யும்’ என்று ஆரம்பித்தவர்கள் யாரும் முடித்ததில்லை. ‘இன்ஜின் டேட்டாவைத் திரையில் காட்டி, ஒவ்வொரு டிரிப்பையும் பதிவு செய்யும்’ என்பது போதுமான லட்சியம். அந்த வரியை வைத்து போர்டைத் தேர்வு செய்யுங்கள். லாக்கிங்குக்கும் சின்ன திரைக்கும் ராஸ்பெர்ரி பை போதும். கேமரா, வீடியோ என்று போனால் இன்டெல் என்100 சிப் உள்ள மினி பிசி எடுங்கள். ஹார்ட் டிஸ்க் வேண்டாம், குலுங்கும் வண்டியில் அதன் ஆயுள் குறைவு, எஸ்எஸ்டி போடுங்கள். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டும் ஜி.பி. ரோடும் பக்கம் பக்கம். எலெக்ட்ரானிக்ஸை முதலாவதிலும் கார் கப்ளர், ஹார்னஸை இரண்டாவதிலும் பார்த்துவிடலாம்.

2. பவரில்தான் பாதி மார்க்

12 வோல்ட் பேட்டரி என்று பெயர்தான். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டைத் தாண்டும். சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்யும் நொடியில் 8, 7 என்று சரியும். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரி டெர்மினல் கழன்றால் பல பத்து வோல்ட்டுக்கு எகிறும். இதற்குப் பெயர் லோட் டம்ப். ஐஎஸ்ஓ 16750-2 என்ற ஸ்டாண்டர்டு இதற்கான டெஸ்ட்டைச் சொல்கிறது. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், இன்டர்வியூவில் உதவும்.

ஆகவே மினி பிசியின் பின்னால் 12 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது என்பதற்காகப் பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுக்காதீர்கள். இன்வெர்டர் வைத்து 230 வோல்ட் ஆக்கி, அதைத் திரும்ப அடாப்டரில் இறக்குவதும் வேண்டாம். இரண்டு இடத்தில் பவர் வீணாகும். ஸ்டார்ட் செய்யும்போது இன்வெர்டர் கட் ஆனால் கம்ப்யூட்டரும் சேர்ந்து விழும். கார் பிசிக்கென்றே 6 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் டிசி-டிசி சப்ளைகள் கிடைக்கின்றன. அதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஃப்யூஸ் கணக்கைப் பேப்பரில் போடுங்கள். பிசி, திரை எல்லாம் சேர்த்து 40 வாட் என்று வைத்துக்கொள்வோம். சப்ளையின் எஃபிஷியன்சி 85 சதவீதம் என்றால் 12 வோல்ட்டில் சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். ஸ்டார்ட்டிங்கில் 8 வோல்ட்டுக்கு இறங்கினால் அதுவே 6 ஆம்பியரை நெருங்கும். எனவே 7.5 ஆம்பியர் ஃப்யூஸ், 2.5 ஸ்கொயர் எம்எம் வயர். ஃப்யூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. அதனால் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். ‘ஏன் 7.5?’ என்று கேட்டால் இந்தக் கணக்கை அப்படியே ஒப்பியுங்கள்.

3. சாவியை எடுத்தால் என்ன ஆகும்?

இன்டர்வியூ செய்பவர் நிச்சயம் கேட்கக்கூடிய கேள்வி இது. பேட்டரி லைன் எப்போதும் உயிரோடு இருக்கும். ஏசிசி லைன் சாவி போட்டால் மட்டும் வரும். ஏசிசி போனதும் சப்ளை பிசிக்கு ஷட்டவுன் சிக்னல் தர வேண்டும், அது ஒழுங்காக மூடியபின் மொத்தமாகத் துண்டிக்க வேண்டும். திடீரென்று பவரைப் பிடுங்கினால் மெமரி கார்டில் ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போகும். ராஸ்பெர்ரி பையில் சிஸ்டம் பகுதியை ரீட்-ஒன்லியாக வைத்து, லாக் ஃபைலுக்கு மட்டும் தனிப் பார்ட்டிஷன் கொடுங்கள்.

ஸ்லீப் மோடில் விடுவதிலும் கணக்கு இருக்கிறது. ஸ்டாண்ட்பையில் 0.1 ஆம்பியர்தான் போகிறது என்று அலட்சியமாக இருந்தால் ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-அவர் காலி. பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் 24 போயிருக்கும். சின்ன காரின் பேட்டரியே 35தான். வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

4. சூட்டை அளந்து காட்டுங்கள்

மே மாதம் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் உள்ளே 60 டிகிரிகூட வரும். டேஷ்போர்டின் மேல்பகுதி இன்னும் சுடும். வீட்டு கம்ப்யூட்டர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. கார்களுக்கான சிப்களை ஏஇசி-க்யூ100 என்ற தகுதிமுறைப்படி சோதிக்கிறார்கள். அதில் கிரேடு 3 என்றால் மைனஸ் 40 முதல் 85 டிகிரி வரை. உங்கள் போர்டு அந்த ரகமல்ல என்பதைத் தெரிந்துகொண்டே டிசைன் செய்யுங்கள். டேஷ்போர்டு மேலே வேண்டாம். முன் சீட்டுக்கு அடியில் காற்றோட்டம் உண்டு. ஆனால் ஏசியின் ட்ரெயின் பைப் அடைத்தால் தண்ணீர் கால்மிதிப் பக்கம் இறங்கும், அதனால் தரையிலிருந்து தூக்கி பிராக்கெட்டில் மாட்டுங்கள். நிழலில் ஒரு நாள், வெயிலில் ஒரு நாள் சிபியு வெப்பத்தைப் பதிவு செய்து கிராஃப் போடுங்கள். ராஸ்பெர்ரி பை 80 டிகிரியைத் தாண்டினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது நடந்த நேரத்தை கிராஃபில் குறித்தால், டேட்டாவைப் படிக்கத் தெரிந்தவர் என்ற பெயர் வரும்.

5. காரோடு பேசுங்கள், ஆனால் அடக்கமாக

ஸ்டீரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓபிடி என்ற டயக்னாஸ்டிக் சாக்கெட் இருக்கும். 6-ம் பின் கேன் ஹை, 14-ம் பின் கேன் லோ; காரின் கன்ட்ரோல் யூனிட்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் பஸ்ஸின் இரண்டு வயர்கள் இவை. இக்னிஷனை ஆஃப் செய்துவிட்டு இரண்டுக்கும் நடுவே மல்ட்டிமீட்டர் வைத்தால் சாதாரணமாக 60 ஓம் காட்டும். பஸ்ஸின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதன் விளைவு அது. இப்போது இக்னிஷனை ஆன் செய்து, ஓபிடி அடாப்டர் வழியாக ‘01 05’ என்று கேட்டுப் பாருங்கள். கூலன்ட் எவ்வளவு சூடு என்ற கேள்வி அது. ‘41 05 78’ என்று பதில் வந்தால் 78 ஹெக்ஸ், தசமத்தில் 120, அதில் 40 போனால் 80 டிகிரி. இந்த ஒரு வரியை வொயிட்போர்டில் எழுதி விளக்கத் தெரிந்தால் ‘கேன் தெரியும்’ என்று ரெஸ்யூமேயில் தைரியமாகப் போடலாம்.

ஸ்டாண்டர்டு ஓபிடி கேள்விகளைத் தாண்டி பஸ்ஸில் எதையும் அனுப்பாதீர்கள். பிரேக்கும் ஸ்டீரிங்கும் பேசும் பாதையில் சோதனை செய்கிறவரை எந்த டீம் லீடும் நம்பமாட்டார். 16-ம் பின்னில் எப்போதும் பேட்டரி பவர் இருப்பதால் அடாப்டரைச் செருகியபடி விட்டுவிட்டும் போகாதீர்கள்.

6. வயரிங்கில் உங்கள் குணம் தெரியும்

கம்பெனி வயரை வெட்டாதீர்கள். கப்ளர் ஹார்னஸ் வாங்கிச் செருகுங்கள். வாரன்ட்டி தகராறுக்கு வாய்ப்பு குறையும், வேண்டாமென்றால் கழற்றியும் விடலாம். ஏர்பேக் வயரிங்கும் கனெக்டரும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். வெளியே வாங்கும் ஸ்டீரியோ ஹார்னஸில் பேட்டரி லைனும் மஞ்சள்தான். இரண்டையும் குழப்பிக்கொள்வது ஆபத்து. ஏர்பேக் பக்கம் கையே வைக்காதீர்கள். எல்லா கிரவுண்டையும் ஒரே புள்ளியில் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘உய்ய்ய்’ என்ற சத்தம் ஏறும். இரண்டு முனையிலும் லேபிள் ஒட்டுங்கள். திறந்து காட்டச் சொன்னால் கூசாமல் திறக்கும்படி இருக்க வேண்டும். திரை, ஓட்டுபவரின் பார்வையை மறைக்கும் இடத்திலோ ஏர்பேக் விரியும் இடத்திலோ வரக்கூடாது.

7. பூட் டைமை விரட்டுங்கள்

அமெரிக்காவில் ரிவர்ஸ் கியர் போட்ட 2 நொடிக்குள் பின்புறக் காட்சி திரையில் வந்தாக வேண்டும் என்பது சட்டம். உங்கள் பிசி எத்தனை நொடியில் எழுகிறது? லினக்ஸில் எந்த சர்வீஸ் எவ்வளவு நேரம் தின்கிறது என்று பட்டியல் எடுங்கள், தேவையற்றதை நிறுத்துங்கள், முன்னும் பின்னும் அளந்து எழுதுங்கள். ‘பூட் டைமைக் குறைத்தேன்’ என்று சொல்பவர் பலர், எண்ணைச் சொல்பவர் சிலர்.

8. விற்கக் கற்றுக்கொள்ளுங்கள்

‘காரில் கம்ப்யூட்டர் பொருத்தினேன்’ என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ‘ஸ்டார்ட்டிங் வோல்டேஜ் சரிவில் ரீபூட் ஆகாத 12 வோல்ட் சிஸ்டம், கேன் டேட்டா லாக்கிங், இக்னிஷன் சார்ந்த ஷட்டவுன்’ என்று எழுதுங்கள். அதன் பக்கத்தில் நீங்கள் அளந்த எண்களைப் போடுங்கள். கிட்ஹப்பில் சர்க்யூட் படம், கோடு, கிராஃப். இரண்டு நிமிட வீடியோ ஒன்று. அதில் நம்பர் பிளேட்டும் ஜிபிஎஸ் பாதையும் தெரியக்கூடாது.

நாலு பேர் டீமாகச் செய்தால் ஒருவர் உழைப்பார், நாலு பேரும் பேர் வாங்குவார்கள். உழைப்பவர் நீங்கள் என்றால் உங்கள் பகுதியைத் தனியாகப் பிரித்து, உங்கள் பெயரிலேயே கமிட் செய்யுங்கள். உழைக்காதவர் என்றால் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டுவீர்கள்.

பெரிய கம்பெனி வேலை உடனே அமையாவிட்டாலும் இந்தத் திறமை வீண்போகாது. கார் ஆக்சஸரீஸ் கடைகளில் பொருத்தித் தர ஆள் நிறைய. பேட்டரி ஏன் இறங்குகிறது, ஸ்பீக்கர் ஏன் இரைகிறது என்று அளந்து கண்டுபிடிக்கும் ஆளுக்குத்தான் தட்டுப்பாடு. அவர் கேட்கும் கூலியும் வேறு.

பழைய கார் ஒன்றை, அப்பாவுடையதோ மாமாவுடையதோ, அனுமதி கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே மல்ட்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்து, ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் எங்கே இறங்குகிறது என்று குறித்துவையுங்கள். மினிமம் அளவைப் பிடிக்கும் வசதி உள்ள மீட்டராக இருந்தால் நல்லது. உங்கள் ரெஸ்யூமேயில் ஏறப்போகும் முதல் எண் அதுதான். சர்ட்டிஃபிகேட்டை யார் வேண்டுமானாலும் டவுன்லோடு செய்யலாம், அந்த எண்ணை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.