பாக்கி வசூல்: தேதியும் கையெழுத்தும்

"இன்று ரொக்கம், நாளை கடன்" என்ற பலகையை மாட்டாத கடைக்காரர் நம்மில் குறைவு. அந்தப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டே கடன் கொடுக்காதவர் அதைவிடக் குறைவு. மளிகை வியாபாரத்தில் கடனை அறவே தவிர்க்க முடியாதுதான். ஆனால் கொடுத்த கடன் திரும்பி வருவது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. நாங்கள் இதை நஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டோம்.

ஒரு தனிப்பயிற்சி நிலையத்தார் தங்கள் விடுதிச் சமையலுக்கு எங்கள் கடையில் அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கி வந்தார்கள். நடத்தியவர் மரியாதையான வாத்தியார். "பிள்ளைகளின் பீஸ் இன்னும் வரவில்லை அண்ணாச்சி, வந்ததும் தந்துவிடுகிறேன்" என்பார். அதில் பொய் இல்லை. பெற்றோர் அவருக்கே பாக்கி வைத்திருந்தார்கள். வாத்தியாரிடம் கறாராகக் கேட்க எங்களுக்கும் கூச்சம்.

நிலையம் மூடிய பிறகு கணக்குப் பார்த்தால் பாக்கி 68,000 ரூபாய். பில்களை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனோம். 41,000 ரூபாய்க்கான பில்கள் மூன்று ஆண்டுகளைத் தாண்டியிருந்தன. எதிலும் அவர் கையெழுத்து இல்லை. மீதி 27,000 ரூபாய்க்கு எழுதி வாங்கி, தவணையில் வசூலித்தோம். பழைய பாக்கி போனது போனதுதான். நூற்றுக்கு ஐந்து ரூபாய் நிற்கும் வியாபாரத்தில், 41,000 ரூபாயை ஈடுகட்ட 8,20,000 ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும்!

சட்டம் சொல்வது என்ன?

1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கெடு பேசாமல் கடனுக்கு விற்ற சரக்கின் விலைக்கு, சரக்குக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். கெடு பேசியிருந்தால், கெடு முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். அதற்குள் "இவ்வளவு பாக்கி உண்டு" என்று வாங்கியவர் எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் கிடைக்கும். பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டினாலும் கிடைக்கும். ஆனால் கட்டியதற்கு அவருடைய எழுத்தோ கையெழுத்தோ வேண்டும். நம் பேரேட்டில் நாமே எழுதிக்கொள்ளும் வரவு போதாது.

காசோலை வாங்கினால், அதில் போட்டுள்ள தேதியிலிருந்து மூன்று மாதங்களுக்குள் வங்கியில் செலுத்துங்கள். பணமில்லை என்று திரும்பினால், வங்கித் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் அவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் செய்ய வேண்டும்.

மொத்த வியாபாரிகளுக்கு இன்னொரு பிடி உண்டு. ஜி.எஸ்.டி. பதிவுள்ள கடைக்காரர் பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் நமக்குப் பணம் தராவிட்டால், அந்தப் பில்லுக்கு எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். இதை முன்கூட்டியே பக்குவமாக நினைவூட்டலாம்.

கடையில் செய்ய வேண்டியவை

1. முதல் மூட்டை இறங்குமுன் கடன் அளவையும் கெடு தேதியையும் பேசி, பில்லில் எழுதுங்கள்.

2. சரக்கு பெற்றவரிடம் பில்லிலேயே கையெழுத்து வாங்குங்கள்.

3. மாதந்தோறும் பாக்கிச் சீட்டு கொடுத்து, "கணக்கு சரி" என்று வாடிக்கையாளரின் கையெழுத்தைப் பெறுங்கள். எல்லோரிடமும் வாங்கினால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

4. கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே நினைவூட்டுங்கள். தாண்டிய பிறகு கேட்டால் அது சண்டையாகத் தெரியும்.

5. கெடு தாண்டினால் பழையது தீரும்வரை ரொக்கத்துக்கு மட்டும் சரக்கு. உறவும் முறியாது, பாக்கியும் ஏறாது.

இன்று இரவு கடை எடுத்துவைத்ததும் கடன் நோட்டைப் புரட்டுங்கள். இரண்டரை ஆண்டு தாண்டிய பாக்கிகளுக்குச் சிவப்பு மையில் குறியிடுங்கள். நாளைக் காலை முதல் வேலையாக அவர்களைப் போய்ப் பாருங்கள். பணம் கிடைக்காவிட்டாலும் கையெழுத்தாவது வாங்காமல் திரும்பாதீர்கள்.