பீடியை நிறுத்தத் துணை தேடுவோம்



திருகோணமலைத் துறைமுகப் பக்கம் வேலைக்குப் போன நம்ம பிள்ளைகள் சிலர், ராத்திரி வேலையில் தூக்கம் வராமலிருக்க சிகரெட் பழகி, லீவில் இருமலோடு லயத்துக்கு வருகிறார்கள். அப்பா கையிலும் பீடி. யார் யாருக்குப் புத்தி சொல்வது?

"நினைச்சா நாளைக்கே விட்டுருவேன்" என்பார்கள். நாமும் அப்படிச் சொல்லி, பலமுறை விட்டுத் திரும்பவும் பிடித்தவர்கள்தான். குறை மனசில் மட்டும் இல்லை. நிக்கொட்டினுக்கு உடம்பு அடிமையாகிவிடுகிறது. நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை வரும். முதல் வாரம்தான் கஷ்டம். சில வாரங்களில் தணிந்துவிடும்.

செய்ய வேண்டியவை:

1. ஒரு நாள் குறியுங்கள். சம்பள நாள் வேண்டாம்.

2. வீட்டாரிடம் சொல்லுங்கள். அந்த வாரம் அவர் சிடுசிடுத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், குத்திக்காட்டாதீர்கள்.

3. ஆசை வந்தால் தண்ணீர் குடித்து, கொஞ்சம் நடங்கள். சில நிமிஷத்தில் அடங்கும். பீடிக்குப் பதிலாகப் புகையிலை போட்டு வெற்றிலை மெல்லாதீர்கள். அது வாய்ப் புற்றுநோய்க்கு வழி.

4. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் 1948 என்ற இலக்கத்துக்குப் பேசுங்கள். தோட்டத்தில் இருப்பவர் டிஸ்பென்சரியிலும், திருமலையில் இருப்பவர் அங்குள்ள அரசாங்க ஆஸ்பத்திரியிலும் கேட்கலாம்.

இடையில் ஒன்று பிடித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டாம். மறுநாளே திரும்பத் தொடங்குங்கள். ஒரு வருஷம் தாக்குப்பிடித்தால், புகையால் வரும் மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய பாதியாகும்.

துணை கேட்பது வெட்கமில்லை. இன்றைக்கே வீட்டில் பேசுங்கள்.