நினைவோடு வரும் வலிப்பு

அன்புள்ள கயல்,

"நான் கீழே விழவில்லை, கைகால் இழுக்கவில்லை, நினைவும் தப்பவில்லை. இதைப் போய் ஃபிட்ஸ் என்கிறார் டாக்டர். வகுப்பில் எல்லாரும் நடிப்பு என்கிறார்கள். எது உண்மை சித்தி?" என்று கேட்டிருக்கிறாய். டாக்டர் சொன்னதுதான் உண்மை. கல்லூரி நாளிலிருந்து எனக்கும் இது உண்டு என்பதால் பட்டதையே சொல்கிறேன்.

மூளையின் செல்கள் மின்துடிப்புகளால் பேசிக்கொள்கின்றன. அவற்றில் ஒரு கூட்டம் கட்டுமீறி ஒரே நேரத்தில் துடிப்பதுதான் வலிப்பு. துடிப்பு மூளை முழுக்கப் பரவினால் நினைவு தப்பும், உடல் விறைத்து வெட்டி வெட்டி இழுக்கும். ஓரிடத்தோடு நின்றுவிட்டால் நினைவு தப்பாமல் இருக்கக்கூடும். அந்த இடம் பார்க்கும் வேலை மட்டும் தாறுமாறாகும். கையை அசைக்கும் பகுதி என்றால் கட்டைவிரல் தானாகத் துடிக்கும். சிலருக்கு அது மணிக்கட்டு, முழங்கை, முகம் என்று ஏறும். பார்வைப் பகுதி என்றால் வண்ண வட்டங்கள் தெரியும்.

எனக்கு வருவது பொட்டெலும்புக்கு உள்ளே இருக்கும் பகுதியில். முதலில் அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று எழும்பித் தொண்டைவரை வரும். கூடவே ரப்பர் கருகும் வாடை. பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியாது. எதிரே இருப்பவர் பேசுவதெல்லாம் முன்பே ஒருமுறை கேட்டதுபோல் தோன்றும். பிறகு காரணமே இல்லாத பயம். அவர் சொல்வது காதில் விழுகிறது, புரிகிறது; பதில் சொல்ல வாய் வராது. ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். 'பொறு, இப்போது போய்விடும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிகிறது, நிறுத்தத்தான் முடிவதில்லை. நடிப்பு என்பவர்களுக்கு இதைத்தான் விளக்க வேண்டும்: நடப்பது நமக்குத் தெரியும், ஆனால் நடப்பது நம் கையில் இல்லை.

நீ தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவர் இருக்கிறார். 19ஆம் நூற்றாண்டு லண்டனில் ஜான் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் என்ற நரம்பியல் மருத்துவரிடம் வந்த நோயாளி. அவரே ஒரு மருத்துவர். ஜாக்சனின் கட்டுரைகளில் 'இசட்' என்று குறிக்கப்பட்டார். சில வேளை அவருக்கு நினைவு தப்பியதும் உண்டு. தப்பாத வேளைகளில் தோன்றியதை, மறந்துபோன ஏதோ ஒன்று திரும்பக் கிடைத்ததுபோன்ற அந்த உணர்வை, அவரே எழுதி வைத்தார். எதையோ சுவைப்பதுபோல் அவர் வாய் அசைவதை மற்றவர்கள் கவனித்தார்கள். ஜாக்சன் 1888-இல் இவற்றை வெளியிட்டார். எக்ஸ்ரேகூட இல்லாத காலம் அது. 1894-இல் இசட் இறந்தபின் நடந்த பரிசோதனையில் மூளையின் எந்த இடத்தைக் கவனமாகத் தேட வேண்டும் என்று ஜாக்சன் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அங்கேயே, பொட்டுப் பகுதியின் உட்புறத்தில், மிகச் சிறிய சிதைவு ஒன்று கிடைத்தது. நோயாளி தம் வாயால் சொன்ன விவரம் மூளைக்குள் இடம் காட்டியது.

இன்றும் அந்த விவரத்துக்கு மதிப்புக் குறையவில்லை. உன் இ.இ.ஜி. 'நார்மல்' என்று வந்ததற்காகக் கலங்காதே. தலையில் ஒட்டும் மின்முனைகள், ஆழத்தில் சின்ன இடத்தில் நடக்கும் துடிப்பைப் பல வேளை பிடிப்பதில்லை. அதனால் ஒரு நோட்டு வைத்துக்கொள். ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், எவ்வளவு நேரம் இருந்தது, முந்தின இரவு தூங்கினாயா, மாத்திரை விட்டுப்போனதா என்று எழுது. எல்லாவற்றையும்விட, முதலில் வந்தது எது என்று எழுது. வலிப்பு எங்கே தொடங்குகிறது என்பதற்கு அதுதான் நல்ல தடயம்.

சின்ன வலிப்பு பரவிப் பெரியதாகவும் கூடும். ஆகவே தொடங்கியதும் அடுப்பு, சாலை, படிக்கட்டை விட்டு விலகித் தரையில் உட்கார். சைக்கிள், நீச்சல் பற்றி டாக்டரிடம் கேட்டு நட. உன் தோழி ஒருத்தியிடமாவது சொல்லி வை: நினைவு இருக்கும்வரை பக்கத்தில் இருந்தால் போதும். நினைவு தப்பினால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கையில் சாவியோ இரும்போ திணிக்கக்கூடாது, அழுத்திப் பிடிக்கக்கூடாது, வாயில் எதுவும் வைக்கக்கூடாது. 5 நிமிஷம் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும். 'சின்னதுதானே' என்று நீயாக மாத்திரையை நிறுத்திவிடாதே.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அப்பா பேசட்டும் என்று சும்மா இருந்துவிடாதே. நினைவு தப்பும் வலிப்பைப் பார்த்தவர்களால்தான் சொல்ல முடியும். உனக்கு வருவதை உன்னைத் தவிர யாராலும் சொல்ல முடியாது. நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, கூச்சப்படாமல் ஒவ்வொன்றாகச் சொல்.

அன்புடன்,
சித்தி