ஆச்சியைப் பற்றி என்ன எழுதுவது?

அன்புள்ள பேத்திக்கு,

ஆச்சியின் நினைவு ஸ்தோத்திரக் கூட்டத்தில் வாசிக்க வாழ்க்கைக் குறிப்பு எழுதும் பொறுப்பை அப்பா உன்னிடம் தந்திருக்கிறார். "பிறந்தது, கல்யாணம் ஆனது, பிள்ளைகளை வளர்த்தது தவிர எழுத ஒன்றுமே இல்லையே தாத்தா" என்று கேட்டிருக்கிறாய். உண்மைதான், என் அக்காள் எந்தப் பதவியும் வகித்ததில்லை. சேகரக் கமிட்டியில் இருந்ததில்லை. மேடையேறி ஒரு சாட்சிகூடச் சொன்னதில்லை. ஆனாலும் எழுத நிறைய இருக்கிறது. எங்கே தேடுவது என்று தெரிந்தால் போதும்.

முதலில், செய்யக் கூடாததைச் சொல்கிறேன். நம் துக்க வீடுகளில் வாசிக்கப்படும் குறிப்புகளைக் கேட்டிருப்பாய். பக்தியுள்ளவர், பண்பானவர், ஜெபவீராங்கனை, எல்லாரிடமும் அன்பாகப் பழகியவர். பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த வீட்டுத் துக்கத்துக்கும் அதையே வாசித்துவிடலாம். யாருக்கும் பொருந்துகிற புகழ்ச்சிக்குள் நம் ஆச்சி இருக்கமாட்டாள்.

அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தை எடுத்துப் படி. யோப்பா பட்டணத்தில் தபீத்தாள் என்ற சீஷி இறந்துபோகிறாள். தொற்காள் என்றும் அவளுக்குப் பெயர். பேதுரு வந்து மேல்வீட்டுக்கு ஏறியதும் விதவைகள் அழுதுகொண்டே அவரைச் சூழ்ந்து நிற்கிறார்கள். அவளுடைய குணங்களை அவர்கள் அடுக்கவில்லை. உயிரோடிருந்தபோது அவள் செய்து கொடுத்த அங்கிகளையும் உடைகளையும் எடுத்துக் காட்டுகிறார்கள். இதில் நீ கற்றுக்கொள்ள இரண்டு காரியங்கள் உண்டு. அங்கே சாட்சி சொன்னது அவள் கையால் ஆன பொருள். அதைக் கொண்டுவந்து காட்டியவர்கள், அவளிடமிருந்து பெற்றுக்கொண்டவர்கள்.

ஆகவே நீயும் வீட்டாரோடு நின்றுவிடாதே. பால்காரரிடம் போ, பக்கத்து வீடுகளுக்குப் போ, ஆலயத்தில் அவளோடு ஒரே பாயில் உட்கார்ந்த பெண்களிடம் போ. "ஆச்சி எப்படிப்பட்டவள்?" என்று கேட்டால், "தங்கமான மனுஷி" என்றுதான் பதில் வரும். "ஆச்சி உங்களுக்கு என்ன செய்தாள்?" என்று கேள். அப்போது நாளும் பொழுதும் பாத்திரமும் பண்டமும் சேர்ந்து வரும்.

பவுலும் அப்படித்தான் எழுதினார். ரோமர் 16ஆம் அதிகாரத்தில் 20க்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். ரோமாபுரிச் சபையார் எல்லாருக்கும் வாழ்த்துகள் என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. பெர்சியாள் கர்த்தருக்குள் மிகவும் பிரயாசப்பட்டவள் என்கிறார். ரூபு என்பவரின் தாயைச் சொல்லும்போது தனக்கும் அவள் தாய்தான் என்கிறார். அவள் ஆக்கிப் போட்டாளா, நோயில் பார்த்துக்கொண்டாளா, நமக்குத் தெரியாது. அவள் பெயரைக்கூடப் பவுல் எழுதவில்லை. ஆனால் அந்த உறவு ஒன்றாலேயே அவள் இன்றுவரை நம்மோடு இருக்கிறாள்.

நம் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. டோனாவூரில் மிஷனெரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரோடு உழைத்தவர் பொன்னம்மாள், இளம் வயதிலேயே விதவையானவர். நெய்யூரில் வைத்து வளர்க்கப்பட்ட கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையது. பாலும் துணியும் இரவு விழிப்புமாகப் போகிற வேலை அது. 1915இல் அவர் இறந்தபின், ஏமி அம்மையார் அவருக்கென்றே ஒரு புத்தகம் எழுதி 1918இல் வெளியிட்டார். அதே ஏமி அம்மையார், தன் கல்லறைமேல் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். 1951இல் அவர் இறந்தபோது, அவர் வளர்த்த பிள்ளைகள் பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்து, அம்மா என்ற ஒரே சொல்லைப் பொறித்தார்கள். தோழிக்கு ஒரு புத்தகம், தனக்கு ஒரு கல்கூட வேண்டாம். மற்றவரை மதிக்கிற மனசு இது.

ஆச்சியின் அடுப்படியில் கைப்பிடி அரிசிப் பானை இருந்ததே, அதைக் கட்டாயம் எழுது. ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடி எடுத்துப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கொண்டுபோய்க் கொடுப்பாள். வீட்டில் அரிசி குறைந்த மாதங்களிலும் அந்தப் பிடி குறையவில்லை. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, அதைத் தாங்கியதும் திருநெல்வேலிச் சபைகளின் காணிக்கைதான். சங்கத்தைத் தொடங்க முன்நின்ற அசரியாவின் பெயர் சரித்திரத்தில் நிற்கிறது, நிற்கவும் வேண்டும். மாதந்தோறும் காணிக்கை எடுத்து வைத்த ஆயிரம் கைகளைப் பற்றி எழுத அந்தந்த வீட்டுப் பேத்திகளைவிட்டால் வேறு ஆள் இல்லை.

ஒரு எச்சரிக்கை. வலதுகை கொடுப்பது இடதுகைக்குத் தெரியக் கூடாது என்பதை ஆச்சி அப்படியே கடைப்பிடித்தாள். யார் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கொடுத்தாள் என்று உனக்குத் தெரிந்தாலும், அந்தப் பெயரைக் கூட்டத்தில் சொல்லாதே. யோப்பாவில் உடைகளைக் காட்டியவர்கள் அந்த விதவைகளே. பெற்றவர்கள் தாங்களாக எழுந்து சொன்னால் அது சாட்சி. நாம் சொன்னால் அவர்களுக்குத் தலைகுனிவு, ஆச்சிக்கும் துரோகம்.

அவளுடைய கோபத்தையும் மறைக்காதே. சுள்ளென்று பேசிவிடுவாள், ஊருக்கே தெரியும். அன்று பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டு வாசலில் போய் நின்று, "நான் பேசினது தப்பு" என்று சொல்லிவிட்டு வருவாள். அதுவும் ஊருக்குத் தெரியும். கோபத்தை எழுதாமல் விட்டுவிட்டால் அவள் மன்னிப்புக் கேட்டதையும் எழுத முடியாது. குறையில்லாத ஆச்சியை யார் நம்புவார்கள்? நம்ப முடியாத ஒருவரைப் பார்த்து எந்தப் பிள்ளை நடக்கும்?

கல்லறைக்குப் பளிங்கு போடலாம், தெருமுனையில் பிளக்ஸ் வைக்கலாம் என்று உன் சித்தப்பா சொல்வதாக எழுதியிருந்தாய். அவர் பாசத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஆச்சி பாதியில் விட்டுப்போன வேலைகள் இருக்கின்றன. அந்தப் பள்ளிக் கட்டணம் அடுத்த ஜூனிலும் கட்டியாக வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வெள்ளிக்கிழமைதோறும் பார்த்துவர ஆள் வேண்டும். அந்தப் பானையில் பிடி விழ வேண்டும். குறிப்பை வாசித்து முடித்ததும் உட்கார்ந்துவிடாதே. இவற்றில் எதை யார் எடுத்துச் செய்வீர்கள் என்று குடும்பத்தாரைக் கேள். முதலில் உன் பங்கைச் சொல், நான் என் பங்கைச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் தாத்தா