கட்டுத்துவக்கும் தற்காப்புரிமையும்

நற்றிணையின் 119ஆம் பாட்டிலே ஒரு புனங்காவலன் வருகின்றான். தினையை மேயும் காட்டுப்பன்றிக்கென்று பெருங்கல்லொன்றைச் சிறு பொறியிலே தாங்கவைத்துவிட்டு அவன் செல்கின்றான். அடார் என்பது அப்பொறியின் பெயர். ஆனால் அதில் அகப்படுவது பன்றியன்று, புலி. இப்பாட்டை யான் வகுப்பிற் பன்முறை நடத்தியுள்ளேன். உள்ளுறை, இறைச்சி என்று உரைகாரர் வழிநின்று சில சொல்லி முடித்துவிடுவதே வழக்கம். ஓர் ஆண்டு, கதிரவெளியிலிருந்து வந்து கற்ற மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, புலிக்குப் பதிலாக ஓர் ஆள் அகப்பட்டிருந்தால் புனவன் குற்றவாளியா?" என்று வினவினான். வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அன்று யான் சொல்லத் தவறிய விடையே இக்கட்டுரை.

கதிரவெளிக்குக் கிழக்கே கடல், மேற்கே காடு, வடக்கே வெருகலாறு. வயலும் சேனையும் காட்டை அடுத்துக் கிடத்தலால், பன்றியும் யானையும் அவ்வூரார்க்குப் புத்தகத்து விலங்குகள் அல்ல. அவர் அடாரைக் கண்டிலர், கட்டுத்துவக்கை அறிவர். இரும்புக் குழாய் ஒன்று, மரக்கட்டை ஒன்று, வெடிமருந்து, ஈயக் குண்டு அல்லது இரும்புத் துண்டுகள் ஆகிய இவற்றைக்கொண்டு களவாகச் செய்யப்படும் துவக்கை விலங்கின் தடத்தருகே கட்டையிற் பிணித்து, தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டிவிடுவர். கம்பி இடறுண்டதும் வெடி தீரும். பன்றிக்கென அளந்த உயரம் மனிதனுக்கு முழங்கால் உயரமாகும். ஆதலாலேயே நம் நாட்டில் இக்காயத்தோடு வைத்தியசாலைக்கு வருவோர் பெரும்பாலும் காலிலே அடிபட்டிருக்கின்றனர். அவருள் மிகுதியானோர் உழவர் என்பதையும் நோக்குக. கட்டியவன் அயலவர்க்குச் சொல்லிவைப்பான், விடியுமுன் அவிழ்த்துவிடுவான் என்பர். தேனெடுக்கச் செல்பவனுக்கும் தப்பிய மாட்டைத் தேடி வருபவனுக்கும் சொல்பவர் யார்? கட்டியவனே காய்ச்சலாய்ப் படுத்துவிட்டால் அவிழ்ப்பவர் யார்?

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். (துவக்கு என்னும் சொல் துருக்கி மொழியிலிருந்து வந்தது, துப்பாக்கி அதன் உடன்பிறப்பு.) சுடுகலன்களை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றம். பத்திரமும் ஆண்டுதோறும் புதுப்பித்தற்குரியது. 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளைக் கடுமையாக்கிற்று. பயிர்காவலுக்கு வேண்டுவோர் மாவட்டச் செயலகத்தை, அதாவது நம் முன்னோர் கச்சேரி என்ற இடத்தை, நாடுவர். ஆட்காவலுக்குரிய துவக்கையோ பாதுகாப்பு அமைச்சே வழங்கும். அவ்வாறு தற்பாதுகாப்புக்கென வழங்கியவற்றை 2024 நவம்பரிலே அமைச்சு மீள ஒப்படைக்கப் பணித்து, ஒவ்வொருவர் தேவையையும் மறுபடி ஆராயத் தலைப்பட்டது. கொடுத்த துவக்கும் கேள்விக்குட்பட்டதே என்பது இதனாற் புலனாம்.

எனினும் மாணவனது வினாவுக்கு விடை இருப்பது வேறோர் ஏட்டில். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 89ஆம் பிரிவு தொடங்கிப் 99ஆம் பிரிவு வரை, தற்காப்புரிமையை வகுக்கின்றது. தன் உடலையும் பிறர் உடலையும் பொருளையும் காக்க ஒவ்வொருவனுக்கும் உரிமை உண்டு. ஆயின், அதிகாரிகளை நாட நேரமிருப்பின் அவ்வுரிமை இல்லை. காப்புக்கு வேண்டிய அளவுக்கு மிஞ்சித் தீங்கு செய்தலும் ஆகாது. கொல்லும் அளவுக்கு அஃது நீள்வது சில கொடுங் குற்றங்களின்போது மட்டுமே. இவற்றை ஊன்றிப் படித்தால் ஒன்று விளங்கும். வந்தவன் யார், என்ன செய்யப் போகின்றான், எவ்வளவு போதும் என்று அந்நொடியிலே எண்ணும் ஒருவன் அங்கு நிற்கின்றான் என்று சட்டம் கொள்கின்றது. கட்டுத்துவக்கின் பின்னால் அப்படி ஒருவரும் இல்லை. அது பார்ப்பதில்லை; எண்ணுவதுமில்லை.

இங்கிலாந்திலும் இவ்வழக்கு எழுந்தது. ஒருவர் தம் மதில்சூழ்ந்த துலிப் மலர்த் தோட்டத்திலே பொறித்துவக்கு வைத்தார்; அறிவித்தல் எதுவும் வைத்திலர். அயலாரின் பெண்மயில் ஒன்று தப்பி உள்ளே புகுந்தது. அதைப் பிடித்துக் கொடுப்பதற்கு மதிலேறிக் குதித்த 19 வயது இளைஞன் கம்பியை இடறி, முழங்காலிற் படுகாயமுற்றான். 1828இல் நீதிமன்றம் அவன் பக்கமே தீர்ப்பளித்தது. அதற்கு முந்திய ஆண்டே பாராளுமன்றம் இப்பொறியைத் தடைசெய்திருந்தது. இரவில் வீட்டினுள் வைப்பதை மட்டும் விட்டுவைத்தது.

உழவன் பக்கத்து நியாயத்தையும் மறைத்தலாகாது. இரவிலே பரண்மீது தனித்திருப்பவனுக்குப் பொலிசார் வரும்வரை யானை காத்து நில்லாது. 2019 முதல் 2024 வரை ஒவ்வோராண்டும் இந்நாட்டில் முந்நூறுக்கு மேற்பட்ட யானைகளும், யானையால் நூறுக்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். யானையைக் காக்கும் கட்டளைச் சட்டம் 1937இல் வந்தது. அதற்கு முன்னைய நூற்றாண்டிலோ, 1848ஐ அடுத்த முந்திய மூன்றாண்டுக்குள், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு மேற் கொல்லப்பட்டு, அரசாங்கத்திடம் பரிசும் பெறப்பட்டது என எமர்சன் தெனன்ட் எழுதியுள்ளார்! கட்டுத்துவக்கு யானையை அந்நொடியிற் கொல்வதுமில்லை. காலிற் புண்பட்டுச் சீழ்பிடித்து, நாட்கணக்கில் அலைந்தே அது சாகின்றது.

அமெரிக்காவிலே, வீட்டிலிருந்து தன்னைக் காக்கத் துப்பாக்கி வைத்தல் தனிமனிதனின் உரிமை என 2008இல் உச்ச நீதிமன்றம் உரைத்தது. பிரித்தானியாவிலே, தற்காப்பு என்பது கைத்துப்பாக்கி பெறத் தக்க காரணமாகாது என 1946இலேயே உள்நாட்டமைச்சர் அறிவித்தார். இவ்விரண்டும் கதிரவெளிக்குப் பொருந்தா என்பது என் துணிபு. 2006 நவம்பர் 8ஆந் திகதி, அவ்வூர்ப் பாடசாலையில் தஞ்சம் புகுந்திருந்தோர்மீது எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆயுதம் யாது செய்யும் என்பதை அங்குள்ளார்க்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும், காட்டோரம் பயிர்செய்யும் ஒருவனுக்கு, ஊரறிந்தவனாயின், இலக்கமிட்ட துவக்கு ஒன்றை விரைந்து கொடுத்தல் தகும். கொடாது விட்டால் அவன் துவக்கின்றி இரான். களவாகக் குழாய் செய்பவனிடமே போவான். கையிற் பிடித்த துவக்குக்கு விடைசொல்ல ஒருவன் இருக்கின்றான். கட்டிய துவக்குக்கோ எவ்விதச் சலுகையும் கூடாது. என் உடனாசிரியர் சிலர் இதனை ஒப்பார். எந்தத் துவக்கும் வேண்டாம் என்பர். அவர்க்கு வயல் இல்லை.

ஆகவே, மாணவ, ஆள் அகப்பட்டிருந்தால் புனவன் குற்றவாளியே. பன்றிக்குத்தான் வைத்தேன் என்பது அவனைக் காவாது. வழியிலே மனிதரும் நடப்பர் என்பதை அவன் அறிவான். அம்மாணவன் இன்று தந்தையின் வயலைப் பார்க்கின்றான். இரவிலே பரணிலிருந்து தகரம் தட்டியும் யானைவெடி கொளுத்தியும் காவல் செய்வதாகக் கேள்வி.